நிற்க வைக்கிற கட்டில்

அச்சகத்தின் பெயர் இல்லை. இந்தத் துண்டறிக்கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன், இல்லை. முன்பக்கத்தில் ஒருவன் சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, உதிக்கிற சூரியனைப் பார்த்துக் கைகளை விரிக்கிறான். பின்பக்கத்தில் ஒரு டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். அடியில், ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில் எந்த அச்சகம், எந்தத் தெரு என்று ஒரு வரி இருக்க வேண்டும், அந்த வரி மட்டும் இல்லை. நாற்பது வருஷமாகத் துண்டறிக்கை போட்டவன் நான். கலெக்டரைத் திட்டிப் போட்டிருக்கிறேன், மந்திரியைத் திட்டிப் போட்டிருக்கிறேன், வழக்கு வரும் என்று தெரிந்தே போட்டிருக்கிறேன், ஒன்றில்கூட அந்த வரியை விட்டதில்லை, ஏனென்றால் தேடி வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டும். பெயரை மறைப்பவனுக்கு நம்மிடம் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது, நம்மிடமிருந்து எடுப்பதற்குத்தான் ஏதோ இருக்கிறது. "தலைவரே, பேசுங்க" என்கிறாள் மெர்சி. பிசியோதெரபிப் பெண். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் என் தலை மேலே போகிறது, கால்கள் தரைக்குப் போகின்றன. நெஞ்சில் ஒரு பெல்ட், இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று. இதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் எல்லோரும் நிற்க வைக்கிற கட்டில் என்றுதான் சொல்கிறார்கள். படுத்தே கிடக்கிறவனைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும், அதனால் நிற்கிற அரைமணி நேரமும் நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மெர்சியின் சட்டம். பேச்சு நின்றால் இறக்கிவிடுவாள். வாயை மூடச் சொல்லி என்மேல் எத்தனை வழக்கு போட்டார்கள், இப்போது வாயை மூடினால் தண்டனை. "இருக்கேன்" என்கிறேன். "இருக்கேன்னா போதாது, பேசணும்" என்கிறாள். இந்த அரைமணி முடிவதற்குள் சங்கையா வந்துவிடுவான், பதில் கேட்பான். இந்தத் துண்டறிக்கைக்காரனின் சிகிச்சை மையத்துக்குப் போகிறேன் என்றால் நாளைக்கே வேன் ரெடி. மாட்டேன் என்றால், மாட்டேன் என்றால் என்ன, அதைத்தான் எனக்கே இன்னும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சங்கையா நேற்று வந்தபோது நான் படுத்திருந்தேன். படுத்திருக்கிறவனிடம் எல்லோரும் ஒரு தனிக்குரலில் பேசுகிறார்கள், சங்கையாவும் அந்தக் குரலில்தான் ஆரம்பித்தான். மார்க்கெட்டில் மிளகாய் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, மைக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, சுமைப்பணித் தொழிலாளர் சங்கத்துக்கு எனக்குப் பிறகு தலைவராக்கினேன், அவன் என்னைப் பார்த்துக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி சொல்கிறான், வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணு இருக்காம்ண்ணே, நரம்பை வளர வைக்குமாம், நாலு ஊசியில எந்திரிச்சு நடந்துருவீங்களாம். எப்படியடா என்று கேட்டேன். துண்டறிக்கையைப் பிரித்து விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினான், நான் சொல்லிக்கொடுத்த அதே விரல். உங்கள் ரத்தமே உங்கள் மருந்து என்று கொட்டை எழுத்தில். என் கையிலிருந்து ரத்தம் எடுப்பார்களாம், அதை இயந்திரத்தில் போட்டுச் சுற்றுவார்களாம், வளர்ச்சிக் காரணி தனியாகப் பிரியுமாம், அதை என் முதுகில் ஏற்றுவார்களாம். வாழ்நாள் முழுக்க நான் தெருத்தெருவாகக் கத்தியது இதைத்தானே. முதலாளி என்னிடமிருந்தே எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, என்னிடமே விற்கிறான். பருத்தியில் செய்தான், பருப்பில் செய்தான், இப்போது என் ரத்தத்திலேயே செய்கிறான். இதைச் சங்கையாவிடம் சொன்னேன். சிரித்தான். நீங்க மாறவே மாட்டீங்கண்ணே என்றான். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, போஸ்டர் அடிச்சாச்சுண்ணே என்றான். மே தினப் பேரணியில் தோழர் வெள்ளைச்சாமி நடந்து வருகிறார். அடித்தாகிவிட்டது. ஒட்டப் பசை காய்ச்சுவதுதான் பாக்கி. அடேய், ஊசியே போடவில்லையே என்றால், முதல்ல தேதியைச் சுவத்துல ஒட்டு, பலம் பின்னால வரும்னு நீங்கதானே சொல்லுவீங்க என்கிறான். சொன்னேன்தான். ஆயிரம் பேர் கூடமாட்டார்கள் என்ற ஊரில் ஊர்வலத் தேதியை ஒட்டிவிட்டு, அந்தச் சுவரொட்டிக்குப் பயந்தே ஆயிரம் பேரைக் கூட்டியவன் நான். ஆனால் அது ஆட்களைக் கூட்டுகிற வழி. நரம்பு சுவரொட்டி படிக்குமா. நடந்து வருகிறார். அந்தச் சொல்லைப் படித்ததிலிருந்து, தேங்காய் நார் பல்லில் மாட்டிய மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது.

"தலைவரே, மைக் டெஸ்டிங் சொல்லுங்க." சொல்கிறேன், ஒன் டூ த்ரீ. சிரிக்கிறாள், இன்னும் ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். காதுக்குள் மில் ஓடுகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. கண்ணோரத்தில் சுவர் கொஞ்சம் மங்குகிறது. ரத்தம் இறங்குகிறது, என் ரத்தம், அந்த மையத்துக்காரன் கண் வைத்த ரத்தம், இடுப்புக்குக் கீழே நான் உணராத ஊருக்குள் போய்ச் சேர்கிறது. அந்தக் கீழ் ஊரைப் பற்றி டாக்டர் நிலோஃபர் சொன்னது சங்கையாவுக்குப் புரியாது. அவள் சின்னப் பெண்தான், தூக்கம் கெட்ட கண், ஆனால் கேட்டால் நின்று பதில் சொல்கிறவள். ஐயா, நீங்க கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை என்றுதான் ஆரம்பித்தாள், அதுதான் என்னை உட்கார வைத்தது. நரம்புக்கு வளரச் சொல்லிச் சேதி அனுப்புகிற புரதங்கள் உண்மையிலேயே உண்டாம். கையிலோ காலிலோ நரம்பு அறுந்தால், நல்லபடியாகத் தைத்து வைத்தால், அது மெல்ல மெல்ல வளர்ந்து போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டாம். தண்டுவடத்தில் மட்டும் முடியவில்லையாம். அடிபட்ட இடத்தில் தழும்பு கட்டிக்கொள்கிறது, அதைச் சுற்றிலும் உடம்பே வளராதே வளராதே என்று சொல்லும் பொருட்களைப் பரப்பிவைக்கிறது. நூத்தி நாப்பத்தி நாலு போட்டிருக்குன்னு சொல்லுங்க என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆமாய்யா, அதேதான் என்றாள். என் உடம்பே என் உடம்புக்குள் தடையுத்தரவு போடுகிறது. யாரைக் கேட்டுப் போட்டது. அப்புறம் எலிகளைப் பற்றிச் சொன்னாள். தழும்புக்கு நடுவில் வளர்ச்சிக் காரணியை வைத்தார்களாம். நரம்பு இழைகள் அதைத் தேடி ஆசையாக வளர்ந்து வந்தனவாம். வந்து, அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பந்தாகி நின்றுவிட்டனவாம். அதைத் தாண்டி, போகவேண்டிய காலுக்குப் போகவில்லை. இனிப்பு இருக்கிற இடத்தை விட்டு எதுக்குய்யா போகும் என்றாள். சில எலிகளுக்கு வலியைச் சொல்லும் இழைகளே முந்திக்கொண்டு வளர்ந்தனவாம், பஞ்சால் தொட்டாலே துடித்தனவாம். மனுஷருக்கு இதைச் சரியாகப் பண்ணுகிற வழியை உலகத்தில் எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கண்டுபிடிக்கவில்லை, எங்ககிட்ட இருந்தா நானே குடுத்துர மாட்டேனாய்யா. ஒரு டாக்டர் எனக்குத் தெரியாது என்று சொல்வதைக் கேட்க எத்தனை நாளாயிற்று. அந்தத் துண்டறிக்கைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அச்சகத்தின் பெயரைத் தவிர.

இனிப்பு இருக்கிற இடம். இனிப்பு இருக்கிற இடத்தை விட்டு எதற்குப் போகும். போன ஆடி மாதம் அந்த மேடையில் எத்தனை பேர் இருந்தார்கள். ஐம்பது கிலோ ஒப்பந்தத்தின் வெள்ளிவிழா. நூறு கிலோ மூட்டையைத் தூக்கித் தூக்கி முப்பது வயதில் முதுகு வளைந்தவர்களின் ஊரில், ஐம்பது கிலோவுக்கு மேல் ஒரு ஆள் தூக்குவதில்லை என்று முதலாளிகளிடம் கையெழுத்து வாங்கியதற்கு விழா. சால்வை கூடாது என்று நான் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிவருகிறேன். பணம் இருந்தால் வேலைநிறுத்த நிதிக்குக் கொடு, துணி இருந்தால் துணியில்லாதவனுக்குக் கொடு. கேட்டார்களா. ஒருவன் போர்த்தினான், போட்டோவுக்கு நின்றான், சரி இறங்கு என்றால் இறங்கவில்லை, என் பின்னால் போய் நின்றுகொண்டான். அடுத்தவன் வந்தான், போர்த்தினான், நின்றான். அவனுக்குப் பின்னால் கிளைச் செயலாளர், அவர் மச்சான், மச்சானின் பையன். ஏறினவன் ஒருவனும் இறங்கவில்லை. கீழே நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன, மேலே நெரிசல். மேடையின் சாரக்கட்டு புளியங்கொட்டை உடைகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது, எனக்குக் கேட்டது, மைக்கில் இறங்குங்கப்பா என்றேன், என் வாழ்நாளில் நான் மைக்கில் சொல்லி ஒருவரும் கேட்காத ஒரே சொல் அது. கழுத்துவரை சால்வை, கையை வெளியே எடுத்து எதையும் பிடிக்க முடியவில்லை. எல்லோரும் என்மேல் விழுந்தார்கள். பலகைக்கு அடியிலிருந்து என்னை இழுத்தவன் பிச்சைக்கனி, மேடையில் ஏறாமல் கீழே தண்ணீர்ப் பானைப் பக்கம் நின்றிருந்தவன். போலீஸ் தடியால் உடையாத முதுகு, லாரியை மறித்துப் படுத்தபோது உடையாத முதுகு, மரியாதையில் உடைந்தது. இதை எந்தத் துண்டறிக்கையில் எழுதுவது, யாருக்கு எதிராக எழுதுவது. நிலோஃபரின் எலிக்குள் நடந்ததும் அதேதானே, வந்தவை எல்லாம் வந்த இடத்தில் கூடிக்கொண்டு நின்றன, போக வேண்டிய ஊரில் ஏதோ ஒரு கால் காத்துக்கிடந்தது. நான் ஒரு சங்கம் கட்டினேன். அது என்னைச் சுற்றி வந்து நின்றுகொண்டது. என்னைத் தாண்டிப் போ, அடுத்த தெருவில் அரிசி ஆலைக்காரன் இருக்கிறான், பஞ்சு மில்காரன் இருக்கிறான், அவனிடம் போ என்று இருபத்தைந்து வருஷம் சொன்னேன். போகவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கால் துள்ளியது. இடதுகால், முழங்கால் பெல்ட்டுக்குக் கீழே, பிடித்த மீன் மாதிரி ஒரு துள்ளல். "பாத்தியா, பாத்தியா" என்கிறேன். மெர்சி தலையைத் தூக்கவில்லை. "இழுப்பு தலைவரே, அதுவா ஆடுறது. நீங்க ஆட்டலை." தெரியும். எனக்குத் தெரியாதா. ஒவ்வொரு தடவையும் தெரியும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. வெட்கமாக இருக்கிறது. கடவுளை நம்பாதவன், ஜோசியம் பார்க்காதவன், தாயத்துக்காரனைச் சந்தையில் நிறுத்திக் கேள்வி கேட்டு ஓட வைத்தவன், இந்த நாலு வண்ணத் தாளை ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். ஏன் வைத்தேன். பெரிய ஆசை ஒன்றுமில்லை. பேரணியின் முன்வரிசை வேண்டாம், மேடை வேண்டாம். மார்க்கெட்டின் பின்வாசலில் டீக்கடை இருக்கிறது, அங்கே பெஞ்ச் கிடையாது, நின்றுதான் குடிக்க வேண்டும். இடுப்பைச் சுவரில் சாய்த்து, ஒரு காலை மடக்கிச் சுவரில் வைத்து, கிளாஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கீழே குனிந்து யாரும் என்னைப் பார்க்காமல், நேருக்கு நேர் கண்ணைப் பார்த்து ஒருவனோடு சண்டை போட வேண்டும். அதற்கு நாலு ஊசி போதும் என்கிறான். போனால்தான் என்ன. ஊசி பலிக்காவிட்டால் இருந்தபடி இருப்போம். இல்லை, இருந்தபடி இருக்க மாட்டோம், தொட்டால் துடித்த எலிகள். வலிதான் முதலில் வளரும் என்றால். இப்போது இந்தக் கீழ் ஊரில் அமைதியாவது இருக்கிறது. அமைதிக்கு ஏங்குகிற ஆளா நான். பயம். சொல்லிக்கொள், பயம். நடக்காமல் போவதற்கும் பயம், நம்பி ஏமாந்த கிழவன் என்று சுவரில் எழுதப்படாத ஒரு சுவரொட்டி ஊர் முழுக்க ஒட்டப்படுவதற்கும் பயம்.

"தலைவரே?" இருக்கேன், இருக்கேன். "முகம் வெளுத்துப்போச்சு. எறக்கவா?" வேண்டாம். சங்கையா வரட்டும். நான் நிற்கும்போது வரட்டும். "அக்கா வெளிய பெஞ்சில படுத்துருக்காங்க, கூப்பிடவா?" அதுவும் வேண்டாம். குருவம்மா பகலில் படுப்பவள் இல்லை. என் மனைவி பகலில் படுத்து நான் பார்த்ததில்லை, வேலைநிறுத்தக் காலத்தில் தீப்பெட்டி ஒட்டியே எனக்குச் சோறு போட்டவள், இப்போது பெஞ்சில் படுத்திருக்கிறாள். காலையில் என்னை நாற்காலியில் ஏற்றும்போது, என் அக்குளில் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி, பாதி வழியில் நின்றுவிட்டாள். அவள் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. என்னைக் கீழே விடவும் இல்லை, மேலே கொண்டுபோகவும் இல்லை. அவள் முகம் என் தோளில் இருந்தது, அங்கிருந்தே சொன்னாள்: "போயித்தான் பாருங்களேன். ஒங்களுக்காக இல்ல, எனக்காகப் போங்க." நான் வழக்கம்போல அந்த மையத்துக்காரனைத் திட்டினேன். ரத்தத்தை விற்கிறான், பெயர் போடாதவன், என்று நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொதுக்கூட்டமே பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே என் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மிதியில் வைத்தாள். அவள் கேட்டது ஊசியையா. இப்போது, இந்தக் கட்டிலில், காதில் மில் ஓட, அந்தச் சொல்லை மறுபடி கேட்கிறேன். எனக்காக. போன வாரம் இங்கே தராசு நாற்காலியில் என்னை உட்கார வைத்து எடை பார்த்தார்கள், அறுபத்தெட்டு கிலோ. அறுபத்தெட்டு. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கக்கூஸ், திரும்ப, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி புரட்டிப் போடுவது தனி. தனி ஆளாக. இந்த ஊரில் எந்த முதலாளியாவது ஒரு தொழிலாளியை அறுபத்தெட்டு கிலோ தனியாகத் தூக்க வைத்திருந்தால் நான் அந்தக் கடை வாசலில் பந்தல் போட்டிருப்பேன். அடப்பாவி வெள்ளைச்சாமி. ஊர் முழுக்க அமலில் இருக்கிற ஒப்பந்தம் உன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. வெள்ளிவிழா கொண்டாடினாயே. ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரே ஒரு சுமைத் தொழிலாளி, அவளுக்குச் சங்கமும் இல்லை, அவள் தூக்குகிற மூட்டை பேசிக்கொண்டே வேறு இருக்கிறது.

செருப்புச் சத்தம். சங்கையா. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பாலிதீன் உறையோடு ஒரு சால்வை, இவ்வளவுக்குப் பிறகும் சால்வை. பின்னால் பிச்சைக்கனி, வாசலைத் தாண்டி உள்ளே வரத் தயங்கிக்கொண்டு. சங்கையா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான், ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவன் தலையை அண்ணாந்து பார்க்கிறான். "என்னண்ணே, ஜம்முன்னு நிக்கிறீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கிறவா?" எடுக்காதே என்றேன். சுவர் மங்குகிறது, அவன் முகம் மட்டும் கிணற்றடியில் தெரிகிற மாதிரி தெரிகிறது, சீக்கிரம் சொல்ல வேண்டும். துண்டறிக்கையை நீட்டினேன். அடியில் பார் என்றேன். பார்த்தான், திருப்பினான், திரும்பவும் திருப்பினான். அவனுக்குப் புரிந்துவிட்டது, நான் வளர்த்த பையன், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும், பார்க்காமல் இருந்திருக்கிறான். "பேர் இல்லண்ணே" என்றான், தனிக்குரலில் இல்லை, பழைய குரலில். அந்த மருந்து ஒருநாள் நிஜமாகவே வரும், வரும்போது பெயர் போட்டுக்கொண்டு வரும், நிலோஃபர் டாக்டர் எனக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள், அதுவரைக்கும் என் ரத்தம் என்னிடம் இருக்கட்டும் என்றேன். சொல்லும்போது டீக்கடைச் சுவர் ஒரு நொடி வந்து போனது. போஸ்டர் என்று இழுத்தான். "நடந்துங்கிற சொல்லு மேல மட்டும் துண்டுத் தாள் ஒட்டுடா. வருகிறார் இருக்கட்டும்."

"தலைவரே, எறக்கப் போறேன்" என்று மெர்சி எழுந்துவிட்டாள். ஒரு நிமிஷம். "சங்கையா, ஒரு ஆள் எத்தனை தூக்கலாம்?" அவன் விழித்தான். அம்பதுண்ணே. "நான் அறுபத்தெட்டு. குருவம்மா ஒத்தையாத் தூக்குறா. நம்ம சங்கத்துல இருந்து காலையில ரெண்டு ஆள், சாயங்காலம் ரெண்டு ஆள். மூட்டைக்கு முறை போடுற மாதிரி முறை போட்டு அனுப்பு. இது உதவி இல்ல, ஒப்பந்தம்." என் வாழ்நாளில் எனக்கென்று சங்கத்திடம் கேட்ட முதல் கோரிக்கை. வாய் பேசிவிட்டது, அப்புறம்தான் கண் முழுக்க இருட்டியது. கட்டில் சாய்வது தெரிந்தது, ரத்தம் தலைக்குத் திரும்பி வருவது தெரிந்தது, விட்டம் தெரிந்தது, விட்டத்துக்குக் கீழே குருவம்மாவின் முகம். எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள், தெரியாது. பழக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் அக்குளுக்குக் கையைக் கொண்டுவந்தாள். நீ தொடாதே என்றேன். அவள் கையை எடுத்தாள். "இதைச் சொல்ல ஒம்பது மாசமா?" என்று கேட்டுவிட்டு, நாலடி நகர்ந்து சுவரோரம் போய் நின்றாள், இடுப்பில் கை வைத்து, மேஸ்திரி மாதிரி.

பிச்சைக்கனி உள்ளே வந்துவிட்டான். என்னை மேலும் கீழும் பார்த்தான், சரக்கைப் பார்க்கிற பார்வை, எங்கே பிடித்தால் வழுக்காது என்கிற பார்வை, ஒன்பது மாதத்தில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் பார்த்ததில்லை. தொடைக்கடியில துணி வேணும் என்றான். மெர்சி போர்வை எடுக்கப் போனாள். அதற்குள் சங்கையா பாலிதீன் உறையைக் கிழித்துவிட்டான். சரிகைக் கரை போட்ட சால்வையை உதறி, நாலாய் மடித்து, என் தொடைகளுக்கு அடியில் விட்டு, ஒரு முனையைப் பிச்சைக்கனியிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்தான். இவன் மூட்டை தூக்கி எத்தனை வருஷமிருக்கும். முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன், அவன் ஏற்கெனவே மடக்கியிருந்தான். "மேல" என்றான் பிச்சைக்கனி. தூக்கினார்கள். சால்வை கிழியவில்லை.